லாக்புக்கில் 120 மணி நேரம்: பர்க் நகரம் காட்டும் வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊர்களில் பூர்வகுடிச் சிறுவர்கள் கார் திருடினார்கள், கடையை உடைத்தார்கள் என்ற செய்திகள் இப்போது தமிழ்ப் பத்திரிகைகளிலும் வருகின்றன. அவற்றின் அடியில் "இவ்வளவு பணம் கொட்டியும் திருந்த மாட்டேன் என்கிறார்களே" என்று ஒரு வாசகராவது எழுதிவிடுகிறார். பணம் கொட்டப்படுவது உண்மைதான். எதில் கொட்டுகிறார்கள், எதற்குப் பத்து டாலர்கூடத் தர மறுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பர்க் நகரத்தை வைத்து அதை விளக்க இந்தக் கடிதம்.

பர்க், சிட்னியிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், டார்லிங் ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்குள்ள பூர்வகுடியினரான பார்க்கின்ஜி மக்கள் அந்த ஆற்றை பாக்கா என்பார்கள். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 2016 கணக்கெடுப்பில் 2,600 பேர்; மூன்றில் ஒருவர் பூர்வகுடி. நெம்பா, பார்க்கின்ஜி, முருவாரி, வங்குமாரா என்று இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் அங்கே வாழ்கின்றன. இத்தனை மொழிக்காரர்கள் ஒரே சிற்றூரில் சேர்ந்தது தாமாக அல்ல. 1938ல் டிபூபுராவில் இருந்த வங்குமாரா குடும்பங்களை அரசு லாரிகளில் ஏற்றி பிரூவாரினா குடியிருப்பில் கொண்டுபோய் இறக்கியது. அங்கிருந்து தப்பியும் நடந்தும் வந்தவர்களில் பலர் பர்க்கில் தங்கினார்கள். ஆகவே அந்த ஊரில் ஒரே ஒரு பெரியவரைப் பார்த்துப் பேசிவிட்டு "சமூகத்தைக் கலந்தாலோசித்தோம்" என்று எந்த அதிகாரியாவது அறிக்கை எழுதினால் அது பொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே மூத்தோரை ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்பார்கள். நம்மூரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரும் அங்கிள்தான். அங்கே அது தலை நரைத்த எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை, சமூகம் பார்த்துக் கொடுக்கும் பெயர். எந்த ஆன்ட்டி சொன்னால் எந்தப் பையன் கேட்பான் என்பதை அறியாமல் போடப்படும் திட்டம் முதல் மாதமே படுத்துவிடும்.

பர்க்கில் 2013 வாக்கில் மாற்றம் தொடங்கியபோது ஊரில் சேவை அமைப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்குப் பல டஜன் அமைப்புகள். ஒரே வீட்டுக் கதவை ஒரே வாரத்தில் நான்கு அமைப்புகள் தட்டும், நான்கும் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கும். அலிஸ்டர் ஃபெர்குசன் என்ற உள்ளூர்க்காரர் முன்னின்று, ஊர்க் குடிகளின் மன்றமும் ‘ஜஸ்ட் ரீஇன்வெஸ்ட்’ என்ற அமைப்பும் சேர்ந்து ‘மரங்குகா’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். நெம்பா மொழியில் அதற்குப் ‘பிறரைப் பேணுதல்’ என்று பொருள். பிள்ளைகளைச் சிறையில் வைக்கச் செலவாகும் பணத்தை, அவர்கள் சிறைக்குப் போகும் முன்பே செலவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. இதற்கு நீதி மறுமுதலீடு என்று ஒரு பெரிய பெயர் உண்டு. செய்த வேலையோ மிகச் சின்னச் சின்ன வேலை.

முதலில் அவர்கள் கேட்டது தரவு. எத்தனை பேர் கைதானார்கள், எதற்காக, எந்தக் கிழமை, எந்த நேரம், பள்ளியில் எந்த வகுப்போடு நின்றார்கள் என்பதை அரசுத் துறைகளிடமிருந்து வாங்கி, ஊர்க்கூட்டங்களில் மக்களிடமே திருப்பிச் சொன்னார்கள். உங்கள் பிள்ளைகளைப் பற்றிய எண் உங்களிடம் இல்லாமல் சிட்னியில் ஒரு கணினியில் இருந்தால் முடிவும் சிட்னியில்தான் எடுக்கப்படும். எண்களைப் பார்த்ததும் மூன்று அடைப்புகள் தெரிந்தன: லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது, ஜாமீன் நிபந்தனையை மீறுவது, நிலுவையில் கிடக்கும் வாரண்ட். கொலையும் கொள்ளையும் அல்ல, இவைதான் இளைஞர்களை மறுபடி மறுபடி ஸ்டேஷனுக்கு இழுத்துப்போயின.

லைசென்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு அதன் கனம் தெரிவதில்லை.

பர்க்கிலிருந்து பெரிய ஊரான டப்போவுக்கு 370 கிலோமீட்டர். பருத்தி வயல், ஆட்டுப் பண்ணை, சாலை வேலை, எதற்குப் போனாலும் முதல் கேள்வி லைசென்ஸ் இருக்கிறதா என்பதே. நியூ சவுத் வேல்ஸில் 16 வயதில் பழகுநர் லைசென்ஸ் எடுக்கலாம். 45 கேள்விகள் கொண்ட தேர்வு. அதன் பிறகு 25 வயதுக்குட்பட்டவர், ஓட்டிய நேரத்தைப் பதியும் ஏடான லாக்புக்கில் 120 மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவு ஓட்டம். ஒவ்வொரு நிமிடமும் முன்சீட்டில் பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். சிட்னிப் புறநகரில் அப்பா வேலைக்குப் போகும்போது பையனிடம் சாவியைக் கொடுத்தால் ஓராண்டில் கணக்கு தீர்ந்துவிடும். அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை, மாமாவுடையது முடக்கத்தில், பாட்டியிடம் காரே இல்லை என்ற வீட்டில் 120 மணி நேரத்துக்கு எங்கே போவது? பையன் ஓட்டத்தான் செய்வான், யாரையாவது மருத்துவமனைக்குக் கொண்டுபோகவாவது. பிடிபட்டால் முதலில் அபராதம், பிறகு லைசென்ஸ் பெறும் தகுதிக்கே தடை, தடையில் ஓட்டினால் சிறைவரை போகும் குற்றம்.

இதை உடைக்கக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற பயிற்றுநரோடு ஓட்டும் ஒரு மணி நேரம் லாக்புக்கில் மூன்றாகக் கொள்ளப்படும், அதிகபட்சம் பத்து மணி நேரம் வரை. பத்து மணி ஓட்டினால் முப்பது கிடைக்கும். ஐம்பது மணி பதிவான பிறகு பாதுகாப்பான ஓட்டுநர் பயிற்சி ஒன்று உண்டு. அதற்கு இருபது மணி நேரம் சலுகை. மீதி எழுபது. வாரம் இரண்டு மணி என்றால் 35 வாரம். பத்துப் பிள்ளைகளுக்கு 700 மணி நேரம். ஒரு பணியாளர் வாரம் 20 மணி நேரம் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்தாலும் அதே 35 வாரம். அதாவது ஒரு ஊழியரின் பாதிச் சம்பளம், இரட்டை பிரேக் உள்ள ஒரு கார், இளம் ஓட்டுநருக்கும் செல்லும் இன்சூரன்ஸ், பெட்ரோல். இவ்வளவுதான் வேண்டியது.

எங்கே தவறுகிறது? பெரும்பாலும் இரவு மணியில். டிசம்பரில் அங்கே எட்டு மணியானாலும் வெளிச்சம் இருக்கும். ஊழியருக்கோ ஐந்து மணிக்குப் பணி முடிகிறது. போதாததற்கு அந்தி சாய்ந்தால் நெடுஞ்சாலையில் கங்காருக்கள் குறுக்கே பாயும் என்பதால் பல அமைப்புகள் தங்கள் ஊழியர் இருட்டிய பின் ஊருக்கு வெளியே ஓட்டவே கூடாது என்று பணிவிதி வைத்திருக்கின்றன. நூறு மணி ஓட்டியவன் அந்த இருபதில் நின்றுவிடுகிறான். இரவு மணிகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்காமல், சீக்கிரம் இருட்டும் மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டினாலும் லாக்புக்குக்கு அது கணக்குத்தான்.

லைசென்ஸுக்கும் முந்தைய அடைப்பு பிறப்புச் சான்றிதழ். பிறப்பே பதிவாகாத பிள்ளைகள் உண்டு. பதிவான பலருக்கோ பள்ளியில் அம்மாவின் குடும்பப்பெயர், அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் அட்டையில் அப்பாவுடையது, பேச்சில் பாட்டி வைத்த மூன்றாவது பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கப் போய் முதல் பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று மாட்டிக்கொண்ட தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சான்றிதழ் இல்லாமல் அடையாளம் இல்லை. அடையாளம் இல்லாமல் வங்கிக் கணக்கு, வரி எண், பழகுநர் தேர்வு எதுவும் இல்லை. எனவே ஓட்டுநர் பயிற்சித் திட்டம் ஒன்றின் முதல் ஆறு வாரம் காரில் கழியாது, படிவத்தில்தான் கழியும். இதை எதிர்பார்க்காமல் "முதல் மாதத்தில் 15 பேர் ஓட்டத் தொடங்குவார்கள்" என்று எழுதிப் பணம் வாங்கியவர்கள் இலக்கை எட்ட முடியாமல் அடுத்த ஆண்டு நிதியை இழக்கிறார்கள்.

அடுத்தது அபராதக் கடன். ஹெல்மெட் இல்லாமல் சைக்கிள் ஓட்டினாலே இந்த மாநிலத்தில் 300 டாலருக்கு மேல் அபராதம். பதினான்கு வயதில் வாங்கிய அந்தச் சீட்டு கட்டப்படாமல் வளர்ந்து, பதினாறு வயதில் லைசென்ஸ் கவுன்டரில் எதிரே வந்து நிற்கிறது. இதற்கு மாநிலத்திலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: வேலை மற்றும் மேம்பாட்டு ஆணை. கையில் பணமில்லாதவர், வீடற்றவர், மனநலச் சிக்கலோ போதைச் சிக்கலோ உள்ளவர் அபராதத்தைப் பணமாகக் கட்ட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற அமைப்பின் கீழ் உடலுழைப்பு, படிப்பு, சிகிச்சை, வழிகாட்டல் என்று எதையாவது செய்து, மாதம் 1,000 டாலர் வரை கழிக்கலாம். லைசென்ஸ் தடையையும் விலக்கிக் கேட்கலாம். ஆனால் அந்த அமைப்பு ஊரில் இருக்க வேண்டும், அதன் பொறுப்பாளர் மாதாமாதம் மணிக்கணக்கைத் தவறாமல் பதிவு செய்ய வேண்டும். பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனால் பையன் செய்த வேலை கணக்கில் ஏறாமலே போய்விடும். இதனால் ஒவ்வொரு அமைப்பிலும் இரண்டு பேருக்காவது அந்தப் பதிவைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஜாமீன். சிறார் தடுப்பு மையத்தில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, வழக்கு முடியாதவர்கள். பர்க் பையனுக்கு மிக அருகில் உள்ள மையமே டப்போவில்தான் இருக்கிறது. அம்மா பார்க்கப் போய்வர 740 கிலோமீட்டர்.

ஜாமீன் நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன: மாலை 7 முதல் காலை 7 வரை இன்ன வீட்டில் இருக்க வேண்டும், இன்னாரோடு சேரக்கூடாது. மூன்று அறையில் பத்துப் பேர் படுக்கும் வீட்டில் இரவு பதினொரு மணிக்குக் குடித்துவிட்டு யாரோ சண்டை போட்டால் பையன் வெளியே ஓடுவதுதான் புத்திசாலித்தனம். சட்டப்படி அது மீறல். ‘சேரக்கூடாது’ என்ற பட்டியலில் இருப்பவன் சித்தி மகனாக இருப்பான், ஒரே வகுப்பில் படிப்பான். பள்ளிக்குப் போனாலே மீறல்தான்.

இங்கே வக்கீலும் காப்பாளரும் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஒரு முகவரிக்குப் பதில் இரண்டு மூன்று உறவு வீடுகளின் முகவரியைக் கொடுங்கள். "பெயர் குறிப்பிட்ட பெரியவர் ஒருவரோடு இருக்கும்போது தவிர" என்ற விலக்கைக் கேளுங்கள். அப்போதுதான் மாமாவோடு மீன்பிடிக்கவும் இரவு விளையாட்டுக்கும் போக முடியும். பள்ளி நேரத்தை விலக்குங்கள். நிபந்தனை மூன்றைத் தாண்டாமல் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாங்ஸியா ஹில் தடுப்பு மையத்தில் 99 இளையோரைப் பரிசோதித்து 2018ல் வெளியான ஆய்வில், 36 சதவீதத்தினருக்குக் கருவிலேயே மது ஏற்படுத்திய பாதிப்பும், 89 சதவீதத்தினருக்கு மூளை வளர்ச்சி சார்ந்த கடுமையான குறைபாடு ஒன்றாவதும் இருந்தன. எட்டு நிபந்தனைகளை ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் வாசித்து "புரிந்ததா?" என்றால் அவன் "யெஸ்" என்பான், நாம் எல்லோரும் அதிகாரி முன் சொல்வதைப் போல. காதில் சீழ் வடியும் நோயால் சிறுவயதிலேயே கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளும் ஏராளம். கூப்பிட்டும் திரும்பாதவனைத் திமிர் பிடித்தவன் என்று எழுதுவதற்கு முன் காதைப் பரிசோதித்தார்களா என்று கேட்பது நல்லது.

மீறல் நடந்துவிட்டால் கைது ஒன்றே வழி என்று பலர் நினைக்கிறார்கள். மாநிலத்தின் 2013 ஜாமீன் சட்டம், 77ஆம் பிரிவில், போலீஸாருக்கு வரிசையாக வழிகளைத் தருகிறது: ஒன்றும் செய்யாமல் விடலாம், எச்சரிக்கலாம், நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி நோட்டீஸ் தரலாம், அதன் பிறகுதான் கைதும் வாரண்டும். பர்க்கில் உள்ளூர் போலீஸாரும் மரங்குகாவும் சேர்ந்து செய்தது, சட்டத்தில் ஏற்கெனவே இருந்த இந்த இடத்தைப் பயன்படுத்தியதுதான். முதலில் எச்சரிக்கை, பிறகு குடும்பத்தோடு பேச்சு. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு கொடுமையும் உண்டு. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும், தங்க இடம் உறுதியாகவில்லை என்று பிள்ளை உள்ளேயே இருக்கலாம். அப்படியானால் இரண்டு நாளுக்கொரு முறையாவது வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊரில் நான்கு படுக்கை கொண்ட ஒரு வீடும், இரவில் விழித்திருக்கும் ஓர் ஆளும் இருந்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது.

மரங்குகாவின் இதயம் என்று சொல்லத்தக்கது காலைக் கூட்டம். போலீஸ், பள்ளி, நலவாழ்வு, குடும்பச் சேவைக்காரர்கள் தினமும் காலையில் கூடி, முந்தைய 24 மணி நேரத்தில் எந்த வீட்டில் என்ன நடந்தது என்று பார்ப்பார்கள். குடும்பச் சண்டை நடந்த வீட்டுக்கு யார் போவது, பள்ளிக்கு வராத பிள்ளையை யார் பார்ப்பது என்று அங்கேயே தீர்மானம். இதை நகலெடுக்க நினைக்கும் ஊர்கள் மேசையையும் காபியையும் நகலெடுத்துவிட்டு உள்ளே இருப்பதை விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரே ஒருவர் பெயர் எழுதப்பட வேண்டும். "நாம் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். மறுநாள் முதல் பத்து நிமிடம் நேற்றைய பெயர்களுக்கு. குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் விவரம் பகிரக்கூடாது. இந்த மாநிலத்தில் 1909ல் பூர்வகுடியினர் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1915 திருத்தத்துக்குப் பின் நீதிமன்றமே போகாமல் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து எடுத்துப்போகும் அதிகாரம் பாதுகாப்பு வாரியத்துக்கு இருந்தது. அந்த வாரியம் 1969 வரை ஏதோ ஒரு பெயரில் நீடித்தது. எடுத்துப்போக வந்தவர்களில் போலீஸாரும் உண்டு. இன்றைய பாட்டிகள் அந்தக் காலத்துப் பிள்ளைகள். போலீஸ் உட்கார்ந்திருக்கும் அறையில் தன் பேரன் பெயர் அடிபடுகிறது என்றால் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வதில் வியப்பில்லை. அந்த அறையின் தலைமை யாரிடம் என்பதால்தான் பர்க்கில் கதவு திறந்தது.

இரவு வேன் பற்றி இரண்டு வார்த்தை. பல ஊர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஓட்டுநரையும் சேர்த்து 12 இருக்கை வரை சாதாரண கார் லைசென்ஸ் போதும், அதற்கு மேல் போனால் தனி லைசென்ஸ். எனவே 12 இருக்கை வேனே வாங்குங்கள், இல்லையேல் ஓட்ட ஆள் கிடைக்காமல் வேன் ஷெட்டில் நிற்கும். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரண்டு பேர், வெவ்வேறு குடும்ப வழியில் வந்தவர்கள். வேனில் சாப்பாடு இருக்க வேண்டும். நள்ளிரவில் தெருவில் திரியும் பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பசிதான் காரணம், அல்லது வீட்டில் சத்தம். "வீட்டில் இறக்கிவிடு" என்ற விதி மட்டும் இருந்தால், அந்தச் சத்தத்துக்குள்ளேயே இறக்கிவிட்டு வருவீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாற்று வீடு ஒன்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

வேனில் யார் உட்காருவது என்பதிலும் சிக்கல். பிள்ளைகளோடு பணியாற்றும் எவருக்கும் இந்த மாநிலத்தில் பின்னணிச் சோதனைச் சான்று வேண்டும். தன்னார்வலருக்கு இலவசம், ஐந்தாண்டு செல்லும். பிள்ளைகள் கேட்கும் அங்கிள்களில் பலருக்கு இளவயது வழக்குகள் இருக்கும். சிலருக்குச் சான்று மறுக்கப்படும். பலருக்கு மறுக்கப்படாமல் மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கும். விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில் எழுத ஆளில்லாததே காரணம். திட்டம் தொடங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பித்து, பதில் எழுத உதவினால் பாதிப் பேர் வந்துவிடுவார்கள்.

திட்டங்கள் சாவதற்கு வேறு காரணங்களும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறோம். ஓராண்டு நிதி: பத்தாவது மாதம் ஊழியர் வேறு வேலை தேடத் தொடங்குவார். ஒன்பது முதல் ஐந்து வரை திறப்பு: பிரச்சினை நடப்பது இரவு ஒன்பதுக்கு மேல். கோடை விடுமுறை: 45 டிகிரி வெயிலில் பள்ளி மூடி, சேவை அமைப்புகளும் கிறிஸ்துமஸுக்குப் பூட்டிவிட்டால் ஐந்தாறு வாரம் பிள்ளைகள் தெருவில்தான். "இரண்டு முறை வராவிட்டால் நீக்கம்" என்ற விதி: ஒரு சாவுக்குப் போனால் அங்கே இரண்டு வாரம் ஆகும், நெருங்கிய உறவென்றால் அதற்கும் மேல். விதியை எழுதியவருக்கு உறவுகள் குறைவு போலும்.

கால்பந்து, முகாம், ஓவியப் பயிற்சி இவற்றை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. பிள்ளையை அருகில் கொண்டுவர அவை வேண்டும். ஆனால் படம் எடுத்து அறிக்கையில் போட வசதியாக இருப்பவை அவையே என்பதால் பணமும் அவற்றுக்கே போகிறது. பிறப்புச் சான்றிதழ் வரிசையில் ஒரு பையனோடு நின்றவரை யாரும் படம் எடுப்பதில்லை.

பலன் இருந்ததா? கேபிஎம்ஜி என்ற தணிக்கை, ஆலோசனை நிறுவனம் 2018ல் வெளியிட்ட மதிப்பீடு, 2016ஐயும் 2017ஐயும் ஒப்பிட்டது. போலீஸில் பதிவான குடும்ப வன்முறை 23 சதவீதம் குறைந்தது. சிறார் மீது அதிகம் பதிவாகும் ஐந்து வகைக் குற்றச்சாட்டுகள் 38 சதவீதம் குறைந்தன. பெரியவர்கள் காவலில் கழித்த நாட்கள் 42 சதவீதம் குறைந்தன. 12ஆம் வகுப்பு வரை படிப்பில் நீடித்தோர் 31 சதவீதம் கூடினார்கள். மொத்த நன்மை 31 லட்சம் டாலர் என்றும், அந்த ஆண்டுச் செலவு 6 லட்சம் என்றும் கணக்கிட்டார்கள். இதைக் கோயில் பிரசாதம் போல் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாம். அது ஓராண்டு ஒப்பீடு. சின்ன ஊரில் பத்துப் பிள்ளைகள் ஊர் மாறினாலே சதவீதம் குதிக்கும். ஆனாலும் திசை தெளிவு. 2022ல் மத்திய அரசு 30 சமூகங்கள் வரை இதைப் பரப்ப நான்காண்டுகளுக்கு 6.9 கோடி டாலர் ஒதுக்கியதற்குப் பர்க்கும் ஒரு காரணம்.

எதிர்த்திசையிலும் வேகம் குறையவில்லை. நாட்டின் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் பூர்வகுடியினர் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான். தடுப்பு மையங்களில் பாதிக்கும் மேல். 2031க்குள் பூர்வகுடிப் பிள்ளைகள் தடுப்பில் வைக்கப்படும் விகிதத்தை 30 சதவீதமாவது குறைப்போம் என்று எல்லா அரசுகளும் 2020ல் கையெழுத்திட்டன. 2024ல் இதே மாநில அரசு, ஜாமீனில் இருக்கும்போது கார் திருட்டு, கடுமையான வீடு உடைப்பு போன்ற வழக்கில் சிக்கும் 14 முதல் 17 வயதினருக்கு ஜாமீனை மேலும் இறுக்கியது. ஒரு பிள்ளையைத் தடுப்பு மையத்தில் வைக்க நாளொன்றுக்கு 2,500 டாலருக்கு மேல் ஆகிறது. பதினைந்து நாள் செலவு ஒரு புதிய சிறிய கார். முன்பு சொன்ன அந்த லாக்புக் கார்தான்.

இதைத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதக் காரணம் உண்டு. வட்டார விசாவில் வருவோர் சிட்னி, மெல்போர்ன் போன்ற பெருநகரங்களில் குடியேற முடியாது. நிரந்தர வசிப்புக்குக் குறைந்தது மூன்றாண்டு வெளியே வாழ வேண்டும். மருத்துவராக, செவிலியராக, கணக்காளராக இத்தகைய ஊர்களில் இன்று தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வந்த இரண்டாம் வாரமே ஊர் ஃபேஸ்புக் குழுவில் "அந்தப் பிள்ளைகள் ஜாக்கிரதை" என்று யாராவது எழுதியிருப்பதைப் படிக்கிறார்கள், பூட்டை மாற்றுகிறார்கள்.

பூட்டை மாற்றுங்கள், தவறில்லை. கூடவே உள்ளூர் பூர்வகுடி அமைப்பின் அலுவலகத்துக்குப் போய், ஓட்டுநர் பயிற்சிக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். திட்டம் ஒன்றை நீங்களே தொடங்க வேண்டாம். கேட்டதை மட்டும் செய்யுங்கள். முழு ஆஸ்திரேலிய லைசென்ஸ் இருக்க வேண்டும். இந்திய, இலங்கை லைசென்ஸோடு பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த மணி நேரம் செல்லாது. பின்னணிச் சோதனைச் சான்றுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். சொந்தக் காரைக் கொடுப்பதாக இருந்தால் பழகுநர் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். விபத்தில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை பல மடங்கு கூடலாம், ஆகவே அமைப்பின் கார்தான் மேல். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் அங்கேயே லாக்புக்கில் ஓடோமீட்டர் எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்ட மணிகள் திரும்பி வருவதில்லை. ஒரு பையனுக்கு வாரம் இரண்டு மணி என்று ஒப்புக்கொண்டால் 35 வாரமும் போங்கள். எட்டாவது வாரம் நின்றுவிடுவதாக இருந்தால் முதல் வாரமே போக வேண்டாம். முடிந்தால் செவ்வாய் மாலை ஆறு முதல் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அது இரவுக் கணக்கில் சேரும்.

இப்படிக்கு,
நியூ சவுத் வேல்ஸ் மேற்கு வட்டாரத்தில் இளையோர் நலம், சட்ட உதவிப் பணிகளில் உள்ள தமிழர் சிலர்